மதியச் சாப்பாடு 30 ரூபாய்க்குள்ள, சாயங்காலம் வரைக்கும் பசி தாங்கணும் – நம்ம ஊர் வழி சொல்லுங்க

நாங்குநேரி_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில மூணு பேரு சேந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கோம். நான் ஒரு ஹார்டுவேர் கடை குடோன்ல வேலை. சரக்கு ஏத்தி இறக்கணும், கணக்கும் எழுதணும். காலையில எட்டரைக்குப் போனா திரும்ப ராத்திரி எட்டு ஆகும். மதியம் பார்சல் சாப்பாடு 90 ரூபா. மாசம் 26 நாளைக்குக் கணக்குப் போட்டா 2,340 ரூபா.

பணம் போறது ஒரு பக்கம். அந்தச் சாப்பாடு வயித்துல நிக்கவும் மாட்டேங்கு. சோறு நிறையத்தான் வைக்காங்க, ஆனா சாம்பார்ல பருப்பைத் தேடணும். ஒன்றரைக்குச் சாப்பிட்டா நாலு மணிக்குக் கை நடுங்குது. உடனே ஒரு டீ, ரெண்டு வடை. அதுக்கு ஒரு 30 ரூபா தனி.

எங்ககிட்ட ஒரு அஞ்சு லிட்டர் குக்கர், ஒரு இண்டக்சன் அடுப்பு, சின்ன மிக்சி இருக்கு. ஃபிரிட்ஜ் கிடையாது. ஊர்ல அம்மா ரேஷன் அரிசியில மாசம் பத்து கிலோ குடுத்து விடுவாவ. காலையில முக்கா மணி நேரம் ஒதுக்க முடியும். நெட்டுல தேடுனா ஓட்ஸ், புரோக்கோலி, கீன்வான்னு வருது. அது நமக்குக் கட்டுபடியாகாது. நம்ம ஊர்க் கடையில கிடைக்கிற சாமானை வச்சு வழி சொல்லுங்க.

கல்லிடை_அம்மா:

தம்பி, உளுந்தம்பருப்புச் சோறு பொங்குங்க. வெள்ளை உளுந்து வாங்காதீங்க. தொலியோட உடைச்ச கருப்பு உளுந்துதான் இதுக்கு வேணும். விலையும் குறைச்சல்.

மூணு பேருக்கு 400 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து. உளுந்தை வெறுஞ்சட்டியில சின்னத் தீயில வறுக்கணும். தொலி கருப்பா இருக்கதனால நிறம் மாறுறது கண்ணுக்குத் தெரியாது. மூக்கை நம்பித்தான் வறுக்கணும். வாசம் எழும்பி அடுத்த அறைக்குப் போச்சுன்னா இறக்கிருங்க. இன்னும் ஒரு நிமிஷம் விட்டாலும் கசந்துரும். அப்புறம் அரிசியையும் உளுந்தையும் ஒண்ணாக் களைஞ்சு போட்டு, பதினஞ்சு பல்லு பூடு முழுசா, ஒரு ஸ்பூன் வெந்தயம், ரெண்டு ஸ்பூன் சீரகம், கால் மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. தண்ணி ரெண்டரை மடங்கு. நாலு விசில் விட்டு அணைச்சுட்டு, அது தானா அடங்குற வரைக்கும் கையை வைக்காதீங்க. திறந்ததும் ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கிளறணும். பூடு பிடிச்சா நசுங்குற பதத்துல வெந்திருக்கும்.

தொட்டுக்க எள்ளுத் துவையல். கருப்பு எள்ளை வெடிக்க வெடிக்க வறுத்து, மிளகாய் வத்தல், புளி, ரெண்டு பல்லு பூடு, உப்பு வச்சு அரைச்சா அஞ்சு நிமிஷ வேலை. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கும் பிள்ளை பெத்தவங்களுக்கும் இடுப்புக்குப் பலம்னு நம்ம பக்கம் உளுந்தைத்தான் குடுப்போம். மூட்டை தூக்குற உங்க இடுப்புக்கும் அது வேணும்லா.

வள்ளியூரான்:

நம்ம ஊர்ச் சாப்பாடுன்னு பேச்சு வந்தா சொதியை விட்டுட்டு எப்படி? சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ்!

செங்கோட்டை_வழி:

வள்ளியூர் அண்ணாச்சி, சொதி எனக்கும் உயிர்தான். ஆனா அது மாப்பிள்ளை அழைச்ச விருந்துக்கு வைக்கது. ரெண்டு தேங்காய் உடைச்சு மூணு பால் எடுக்கணும். தேங்காய் விக்கிற விலைக்கு இந்தத் தம்பி பார்சலே வாங்கிச் சாப்பிடலாம். ஃபிரிட்ஜ் வேற இல்ல, தேங்காய்ப்பால் மத்தியானத்துக்குள்ள திரிஞ்சுரும்.

சத்து_கணக்கு:

நான் உணவியல் படித்துவிட்டு அந்த வேலையிலேயே இருக்கிறேன். தம்பிக்கு நாலு மணிக்குக் கை நடுங்குவதற்கு என் அனுபவத்தில் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்: வெறும் வெள்ளைச் சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் சீக்கிரம் செரித்துவிடும். சர்க்கரை சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். புரதமும் நாரும் கூட இருந்தால் அந்த இறக்கம் மெதுவாகும். (சாப்பாட்டை மாற்றியும் நடுக்கம் நிற்காவிட்டால் ஒரு முறை ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.)

100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 7 கிராம். உளுந்து, காணம் (கொள்ளு), துவரை, சிறுபயறு எதை எடுத்தாலும் 22 முதல் 24 கிராம் வரை இருக்கும். அம்மா சொன்ன அளவைக் கணக்குப் போட்டேன். அரிசியில் 28 கிராம், உளுந்தில் ஏறக்குறைய 46. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 24 கிராமுக்கு மேல் வருகிறது. உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். பாதித் தேவை ஒரே வேளையில் தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே குக்கரில் வேகும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. இதற்கு மேல் கடையில் புரதப் பொடி வாங்க வேண்டியதில்லை.

ஆலங்குளத்தான்:

நான் இருபத்திரண்டு வருஷமா காலை ஆறே முக்கால் பஸ்ல டப்பாவோட வாரவன். என்ன சமைக்கதுங்கது ஒரு பாதி. எப்படிக் கட்டுதீங்கங்கது இன்னொரு பாதி. அதைச் சொல்லுதேன்.

சுடுசோத்தை டப்பாவுல போட்டு உடனே மூடவே கூடாது. ஆவி மூடியில முட்டித் தண்ணியாச் சொட்டும். பதினொரு மணிக்கே நூலு விட ஆரம்பிச்சுரும். பெரிய தட்டுல பரத்திப் போட்டு ஃபேனுக்கு அடியில பத்து நிமிஷம் வச்சு, ஆறுன பிறகு அள்ளுங்க. டப்பா முந்துன நாள் ராத்திரியே கழுவிக் கவுத்தி, ஈரமில்லாம காஞ்சிருக்கணும். பச்சைத் தேங்காய் அரைச்சுச் சேத்த எதுவும் சித்திரை வைகாசியில மதியம் தாண்டாது. புளி, நல்லெண்ணெய், வறுத்துத் திரிச்ச பொடி, இந்த மூணையும் நம்பிக் கட்டலாம். குடோன்ல டப்பாவைத் தகரக் கூரைக்கு அடியில, வண்டி சீட்டு மேல வச்சுராதீங்க. தண்ணிப் பானை பக்கத்துல தரையில வைங்க.

உங்களுக்கு என் கையில இருக்க சரக்கு காணப்பொடி. கொள்ளுன்னு மத்த ஊர்ல சொல்லுவாங்க. கால் கிலோ காணத்தை முதல்ல கல்லு பாத்துக்கிடுங்க, காணத்து நிறத்துலயே கல்லு கிடக்கும், பல்லு போயிரும். பிறகு பொறுமையா வறுக்கணும். படபடன்னு தெறிச்சு அடங்குன பிறகு ஒண்ணை வாயில போட்டுக் கடிச்சா நறுக்குன்னு உடையணும். பத்து வத்தல், ஒரு கை கறிவேப்பிலை, பெருங்காயம், நெல்லிக்காய் அளவு புளி, எல்லாத்தையும் தனித்தனியா வறுத்து உப்போட கொரகொரப்பாத் திரிச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் செஞ்சா ரெண்டு வாரம் ஓடும். சோத்துல ரெண்டு கரண்டி பொடி, ஒரு கரண்டி நல்லெண்ணெய். அவசரத்துக்கு வேற எதுவும் வேண்டாம்.

உவரி_காத்து:

சைவமாவே போயிட்டு இருக்கு. தம்பி கவிச்சி சாப்பிடுவீங்கன்னா, நெத்திலிக் கருவாடு 100 கிராம் வாங்கி வைங்க. தலையைக் கிள்ளிட்டு, வெந்நியில ரெண்டு தடவை கழுவி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்தான்), வத்தல் போட்டு முறுகலா வறுத்தா மூணு பேருக்கு ரெண்டு நாளைக்குத் தொட்டுக்க வெஞ்சனம். முள்ளோட மெல்லலாம், சுண்ணாம்புச் சத்து அப்படியே கிடைக்கும். சாளை மீன் நிறைய படுற நாள்ல ராத்திரிக்கு அதையே குழம்பு வைங்க. பெரிய மீன் விலைக்குப் பக்கத்துலயே போக வேண்டாம். சாளையில இருக்க கொழுப்பு நெஞ்சுக்கு நல்லது. பிரஷர் உள்ளவங்க மட்டும் கருவாட்டைக் குறைச்சுக்கிடணும், உப்பு ஜாஸ்தி.

நாங்குநேரி_தம்பி:

ஒரு வாரம் கழிச்சு வாரேன். எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல, ரொம்ப நன்றி.

முதல் நாள் உளுந்துச் சோறு குழைஞ்சு களி மாதிரி ஆயிட்டு. ரேஷன் அரிசிக்கு ரெண்டரைத் தண்ணி கூடுதல்னு நினைக்கேன், ரெண்டா குறைச்ச பிறகு சரியாச்சு. ரெண்டாவது நாள் கூட இருக்க பையன் ஆசைப்பட்டான்னு தேங்காய்ச் சட்னி அரைச்சுக் கொண்டு போனோம். ஆலங்குளம் அண்ணாச்சி சொன்னதைக் கேக்காததுக்கு மதியம் டப்பாவைத் திறந்ததுமே தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு வெறுஞ்சோறுதான் தின்னோம்.

செலவு எழுதி வச்சிருக்கேன். உளுந்து 26, எள்ளு, வத்தல், புளி 14, பூடு 10, தேங்காய், எண்ணெய் 12, முட்டை மூணு 20. மொத்தம் 82. ஆளுக்கு 27 ரூபாயும் சில்லறையும். அரிசி வீட்டுது. உளுந்துச் சோறு தின்ன அன்னைக்கு நாலு மணிக்கு எனக்குப் பசிக்கவே இல்ல. அஞ்சரைக்குத்தான் டீ நினைப்பு வந்துச்சு. வடை வாங்கல.

ஒரு சந்தேகம். ரேஷன் அரிசியில நடுநடுவுல வெளுப்பா, வேற மாதிரி அரிசி கிடக்கு. பிளாஸ்டிக் அரிசின்னு கூட வேலை பாக்க ஒரு அண்ணன் சொல்லுதாரு. பொறுக்கிப் போடணுமா?

சத்து_கணக்கு:

தயவுசெய்து பொறுக்காதீர்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மறுபடியும் அரிசி வடிவில் பிழிந்து எடுப்பார்கள். நூறு மணிக்கு ஒரு மணி என்ற அளவில் கலப்பார்கள். மாவில் செய்ததால் நிறமும் எடையும் கொஞ்சம் வேறாக இருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கவும் செய்யும். அதைப் பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம். இரண்டு முறை களைந்தால் போதும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து கஞ்சியைக் கொட்டிவிடாமல், குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள்.

அந்த இரும்பு உடம்பில் ஒட்ட வேண்டுமானால் கூடவே புளிப்பு வேண்டும். ஒரு நெல்லிக்காய், அரை எலுமிச்சை, எது கிடைத்தாலும் சரி. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். அஞ்சரை மணி டீ மிகச் சரியான நேரம்.

பிசானம்:

அம்பாசமுத்திரம் பக்கம் விவசாயம் பண்ணுதேன். இந்த இழையில எல்லாரும் அரிசியைக் குறைன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டு வாசிச்சேன். வெயில்ல மூட்டை தூக்குறவனுக்குச் சோறு குறைஞ்சா வேலை ஓடாது. நாங்க நடவு நாள்ல விடிய முன்ன பழையதைக் கரைச்சுக் குடிச்சுட்டுத்தான் வயலுக்கு இறங்குவோம். மதியத்துக்கும் தூக்குச்சட்டியில பழையதுதான் வரும். சின்ன உள்ளி, மோர் மிளகாய், சுட்ட கருவாடு. தம்பி, நீங்களும் அதையே கொண்டு போகலாமே? காசே ஆகாதே.

சத்து_கணக்கு:

அண்ணாச்சி, சோற்றைக் குறைக்க நானும் சொல்லவில்லை. தம்பிக்கு அந்த மாவுச்சத்து வேண்டும். பழைய சோற்றிலும் நல்லது இருக்கிறது. ஆறி ஊறிய சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறும், புளிப்பதால் குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் பெருகும். ஆனால் அதில் புரதம் ஏறுவதில்லை. பழையதும் உள்ளியும் மட்டும் என்றால் பார்சல் சாப்பாட்டில் இருந்த அதே குறை இங்கேயும் வரும். காலையில் பழையதைக் குடித்துவிட்டு, மதியத்துக்குப் பயறு சேர்ந்த சோறு கொண்டு போகட்டும்.

பிசானம்:

அது சரிதாம்மா. யோசிச்சுப் பாத்தா எங்க அம்மை பழையதோட சும்மா விட மாட்டா. காணத் துவையலோ, அவிச்ச தட்டாம்பயறோ ஒரு கை இருக்கும். வரப்புல விளைஞ்ச பயறுதான், கடையில வாங்குனது இல்ல. பயறு போடுற வரப்பு இப்ப குறைஞ்சு போச்சு. உள்ளியும் மிளகாயும் மட்டும் நின்னுட்டு.

தம்பிக்கு ஒரு யோசனை. வாங்குற அரிசின்னா அம்பை 16 குண்டரிசி, புழுங்கல் கேட்டு வாங்குங்க. எங்க ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்துல வந்த ரகம். இட்லிக்குன்னு கடையில குடுப்பாங்க, சோத்துக்கும் நல்லா இருக்கும். பொன்னியை விட விலை குறைவு, ஒரு வாய் கூடுதலா மெல்லணும், அதுலயே வயிறு நிறையும்.

எட்டயபுரத்துக்காரி:

மதியச் சோறுன்னதும் ஒண்ணு சொல்லத் தோணுது. பசிச்ச வயித்தோட பிள்ளை படிக்க முடியாதுன்னு காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956ல எங்க ஊர்லதான் தொடங்கி வச்சாரு. எட்டயபுரம் அப்ப திருநெல்வேலி ஜில்லா. எங்க அப்பா அந்தச் சாப்பாட்டுல வளந்தவங்க. மதியச் சோறு ஒழுங்கா இருந்தா அன்னைக்குப் பொழுதே வேறங்கது எங்க வீட்டுல வாழ்ந்து பாத்த பாடம். வேலைக்குப் போற பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தானே.

யாரோ சிறுதானியம் சொல்லுவாங்கன்னு பாத்தேன், சொல்லல. குதிரைவாலி, தினை எல்லாம் இன்னைக்கு அரிசியை விட விலை கூடுதல், அதை விட்டுருங்க. கம்பும் சோளமும் எங்க கரிசல் பக்கம் இன்னும் மலிவு. உடைச்ச கம்பை ராத்திரி ஊறப்போட்டு, காலையில குக்கர்ல அஞ்சு விசில் விட்டு, ஆறவச்சு மோர் ஊத்திக் கொண்டு போகலாம். அவிச்ச நிலக்கடலை ஒரு கை கூட இருந்தா கோடைக்கு அதைவிடக் குளிர்ச்சியான சாப்பாடு இல்ல.

செங்கோட்டை_வழி:

நான் ரெண்டு பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் எனக்குமா நாலு டப்பா கட்டுதவ. நீங்க சொல்லுததெல்லாம் நல்ல சாப்பாடு. ஆனா வறுக்க, அரைக்க, கல்லுப் பாக்க, பூடு உரிக்க ஒரு ஆளு வேணும். அந்த ஆளு யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க தம்பி. மூணு பேருல ஒருத்தர் தலையிலேயே விழுந்தா ரெண்டு வாரத்துல அவருக்கு வெறுத்துப் போயிரும், மறுபடியும் பார்சல்தான். ராத்திரி பூடு உரிச்சு, உளுந்தை அளந்து வைக்கது ஒருத்தர், காலையில குக்கர் ஒருத்தர், டப்பாவும் பாத்திரமும் ஒருத்தர். வாரம் ஒருக்க மாத்திக்கிடுங்க. எங்க வீட்டுல உரிக்கது வீட்டுக்காரர் வேலை, மறுபேச்சு கிடையாது.

சமையல்ல என் பங்குக்குக் கூட்டாஞ்சோறு. சனிக்கிழமை கூடையில மிச்சம் கிடக்கதெல்லாம் அதுல போகும்: பாதி வாழைக்காய், ரெண்டு கத்தரிக்காய், நாலு சீனியவரைக்காய், ஒரு முருங்கைக்காய். மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாதான், அம்மாகிட்ட அதையும் கேட்டு வாங்குங்க. அரிசி, பருப்பு, காய், புளித்தண்ணி, மஞ்சள், வத்தல், சீரகம், சின்ன உள்ளி தட்டிப்போட்டது. எல்லாம் ஒரே குக்கர். இறக்குற சமயத்துல ரெண்டு கை முருங்கைக்கீரை. எங்க வீட்டுல தேங்காய் அரைச்சு ஊத்துவேன். டப்பாவுக்குன்னா அது வேண்டாம், நல்லெண்ணெய் தாளிச்சுக் கொட்டினாப் போதும்.

காய்க்கு நீங்க தனியாச் செலவழிக்கவே வேண்டாம். முருங்கைக்கீரை காசு குடுத்து வாங்குறவங்க நம்ம ஊர்ல குறைவு. குடோன் பக்கத்துல யார் வீட்டுலயாவது மரம் நிக்கும், ஆச்சிகிட்ட கேட்டா ஒரு கொப்பே ஒடிச்சுக் குடுப்பாவ.

நாங்குநேரி_தம்பி:

மூணு வாரம் ஆச்சு. இப்ப எங்க ஓட்டம் இப்படி: திங்களும் வியாழனும் உளுந்துச் சோறு. செவ்வாய் காணப்பொடி, முட்டை, ஒரு கீரை. புதன் சிறுபயறும் அரிசியும் பூடு வெந்தயத்தோட பொங்கி, எலுமிச்சை ஊறுகாய். வெள்ளிக்கிழமை எலுமிச்சைச் சோறு, ஆனா நிலக்கடலை ரெண்டு கை போட்டு. சனி கூட்டாஞ்சோறு. நெத்திலி எப்ப வாங்குறோமோ அப்ப. எல்லா நாளும் சேத்து சராசரி ஆளுக்கு 26 ரூபா வருது.

செங்கோட்டை அக்கா சொன்னது நிஜம். முதல் வாரம் நானே எல்லாம் செஞ்சு, வெள்ளிக்கிழமை கூட இருக்கவங்ககிட்ட கோவப்பட்டுட்டேன். இப்ப சுவத்துல தாள் ஒட்டி முறை வச்சிருக்கோம். முருங்கைக்கீரையும் கிடைச்சுட்டு. குடோனுக்குப் பின்னால ஒரு ஆச்சி வீட்டு மரம். கேட்டதுக்கு, "ஏல, இத்தன நாளா ஆடுல்லா தின்னுட்டு இருந்துச்சு, நீ ஒடிச்சுட்டுப் போ"ன்னுட்டாவ. பதிலுக்கு வாரம் ஒருக்க அவ்வோளுக்கு அரிசி மூட்டை கடையில இருந்து தூக்கிக் குடுக்கேன்.

நாலு மணி நடுக்கம் நின்னுட்டு. கணக்கு எழுதும்போது கூட்டல் தப்புறது குறைஞ்சிருக்கு. இதை முதலாளி சொன்னாரு, நான் சொல்லல. அந்தப் பார்சல் காசுல மிஞ்சுனதுல தங்கச்சிக்கு டியூசன் ஃபீஸ் கட்டியாச்சு.

இன்னும் ஒரு கேள்வி அம்மாகிட்ட. தை மாசம் சிறுகிழங்கு வருமே, அதை டப்பாவுக்கு எப்படிச் செய்யலாம்? தோலு சீவுறதுக்கே அரை நாள் போயிரும்னுதான் தயங்குதேன்.

கல்லிடை_அம்மா:

சீவவே வேண்டாம் தம்பி. கிழங்கை அரை மணி நேரம் தண்ணியில ஊறப்போட்டு மண்ணைக் களைங்க. ஒரு சின்னச் சாக்குல போட்டு வாயைக் கட்டி, தரையில வச்சு முன்னும் பின்னும் நல்லா உருட்டித் தேய்ங்க. சாக்கு நாருல பட்டு முக்காவாசித் தோலு தன்னால கழண்டுரும். மிச்சத்தை நகத்தால கிள்ளுனாப் போதும். உங்க குடோன்ல சாக்குக்கா பஞ்சம்? உரம், மருந்து வந்த சாக்கு மட்டும் எடுக்காதீங்க, அரிசிச் சாக்கைத் துவைச்சுக் காயவச்சு எடுங்க.

அப்புறம் உப்பு போட்டு முக்கால் பதத்துக்கு அவிச்சு, சின்ன உள்ளி, வத்தல், கடுகு, உளுந்து தாளிச்சுப் பிரட்டுங்க. கடைசியில ஒரு கரண்டி உங்க காணப்பொடியைத் தூவிப் பாருங்க. மதியம் வரைக்கும் மண் வாசம் போகாது.